தகரடப்பா சங்கீதம்!

ஸார், மழை இடியோடு ஆரம்பிக்கிற பாட்டு ஒன்று உண்டு. அதை முதன்முதலாக என் வீட்டில் போட்ட அன்று நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

1991. காரமடை. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மொட்டை மாடியில் அம்மா வடகம் காயப் போட்டிருக்கிறாள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டில் ஒரு ரிகார்டிங் கடையில் பதிந்து வாங்கி வந்த 'பிளாக் ஸாபத்' கேசட்டை டூ-இன்-ஒன்னில் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருப்பினேன். சோவென்று மழை. தூரத்தில் இடி. எங்கோ ஒரு சர்ச் மணி...

அடுத்த நிமிஷம் மாடிப்படியில் தடதடவென்று ஓட்டம். "ஐயோ, வடகம் பூராம் நனையுதே!"

மேலே சுட்டெரிக்கிற வெயில். அம்மா வானத்தைப் பார்த்தாள். வடகத்தைப் பார்த்தாள். நேராக இறங்கி வந்து என் கதவைத் தட்டினாள். அதற்குள் மழை நின்று கிடார் ஆரம்பித்திருந்தது.

"ஏங்கண்ணு, டேப்பு சிக்கிக்கிச்சா?"

"இல்லம்மா, இதுதான் பாட்டு."

"இதா? தகரடப்பாவை ரோட்டுல போட்டு இழுத்த மாதிரி இருக்குது. இதுக்கா காசு குடுத்தே?"

அப்பா ஈஸிசேரிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "அரிசி போடாம கிரைண்டரை ஓட்டிட்டு இருக்கறான். கல்லு தேஞ்சு போயிரும்."

இரண்டு பேருமே கிண்டலுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் அம்மா சொன்ன தகரமும், அப்பா சொன்ன கிரைண்டரும் எவ்வளவு சரியான வார்த்தை என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. அதுவும் என் பெரியப்பா மகன் இரண்டு விரல் நுனியைக் கொடுத்த பிறகுதான்.

அண்ணனும் கிடாரும்

அண்ணனுக்குப் பகலில் கணபதி பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் வேலை. மோட்டாருக்குள் அடுக்கும் தகடுகளை வெட்டித் தள்ளுவது. காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து பிரஸ் இறங்கும். தகடு 'டக்'கென்று வெட்டுப்படும். கையால் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இப்படிப் பல ஆயிரம் 'டக்'.

ராத்திரியில் ஆளே வேறு. ஒரு லைட் மியூஸிக் குழுவில் கிடார். கல்யாணம், காது குத்து, கோயில் நோம்பி என்று எங்கே மேடை போட்டாலும், பளபளக்கிற சட்டையில் இடது ஓரத்தில் நிற்பான். மாசி மகத்தில் எங்கள் ஊர் ரங்கநாதர் தேர் ஓடுமே, அந்தத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு வருஷம் அவன் வாசித்ததைப் பார்த்துவிட்டு, 'எங்க அண்ணன்... எங்க அண்ணன்' என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

1992-ல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் வாங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, கை வெளியே வருவதற்குள் கால் முந்திவிட்டது. இடது கையில் மோதிர விரல், சுண்டு விரல் இரண்டின் நுனியும் தகட்டோடு போயிற்று.

கிடார் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: வலது கை கம்பியைத் தட்டும், எந்த ஸ்வரம் வர வேண்டும் என்று அழுத்துவது இடது கை. கணக்குப் பிள்ளைக்குப் பேனா பிடிக்கிற விரல் போன மாதிரி!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே கிடாரைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டான். பெரியம்மா அழுதாள். அவன் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பர்மிங்ஹாம் பையன்

அந்த சமயத்தில்தான் உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டு சங்கீதப் பத்திரிகை கிடைத்தது. அட்டை கிடையாது, நடுவில் பத்துப் பக்கம் கிடையாது. ஆனால் மிச்சமிருந்ததில் ஒரு விஷயம் இருந்தது. படித்துவிட்டு, பஸ்ஸில் என் ஸ்டாப்பைத் தாண்டி மேட்டுப்பாளையம் வரை போய்விட்டேன்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு ஊர். நம்ம கோயமுத்தூர் மாதிரியே பவுண்டரி, லேத், பட்டறை, புகை. அங்கே ஆஸ்டன் என்ற பகுதியில் டோனி அயோமி என்று ஒரு பையன். 17 வயசு. தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. இடது கை ஆட்டக்காரனாதலால், கிடார் கம்பியை அழுத்துவது வலது கை.

ஒரு குழுவோடு வெளியூர் போய் வாசிக்க வாய்ப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டான். அன்றைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், 'இனிமேல் எதற்குப் போக வேண்டும்?' என்றான். 'வாங்கின வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வா' என்று அம்மா திருப்பி அனுப்பினாள். பிரஸ் ஓட்டுகிற ஆள் அன்றைக்கு வரவில்லை. 'நீ ஓட்டு' என்றார்கள். பிரஸ் இறங்கியது. வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று.

'இனி கிடாரை மறந்துவிடு' என்றார்கள் டாக்டர்கள். தொழிற்சாலை மேலாளர் ஒருவர் வீட்டுக்கு ஒரு இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிடார் மேதை வாசித்தது. 1928-ல் தீ விபத்தில் ஜாங்கோவுக்கு இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்கிப்போயின. மிச்ச இரண்டு விரலை ஓட்டியே உலகத்தை அசத்தினார் அவர்.

நம்ம டோனி பட்டறைக்காரப் பையன் இல்லையா? பாத்திரம் கழுவும் சோப்பு திரவ பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினான். உருண்டை பிடித்து, ஸால்டரிங் ராடால் துளை போட்டு, விரலில் மாட்டிப் பார்த்து, உப்புத் தாளால் தேய்த்தான். பிளாஸ்டிக் வழுக்கியது. பழைய தோல் சட்டையை வெட்டி மேலே ஒட்டினான். கம்பி கனமாக இருந்ததா? பாஞ்சோ என்ற வாத்தியத்தின் மெல்லிய கம்பியை எடுத்துக் கிடாரில் கட்டினான். பிற்பாடு, விரலுக்கு இன்னும் சுலபமாக இருக்கட்டும் என்று கம்பியின் முறுக்கையே தளர்த்தினான். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு, ஆர்மோனியத்தில் கறுப்பு வெளுப்பு சேர்த்து எண்ணினால் மூன்று கட்டை இறக்கம்!

கம்பி தளர்ந்தால் சத்தம் அடிவயிற்றிலிருந்து வரும். கனமாக, கறுப்பாக, பாறாங்கல்லை உருட்டுகிற மாதிரி. அந்தக் கனத்துக்குத்தான் உலகம் 'ஹெவி மெட்டல்' என்று பெயர் வைத்தது. என் அம்மா வைத்த பெயர் தகரடப்பா. பெரிய வித்தியாசம் இல்லை!

டோனியோடு சேர்ந்த மூன்று பேரும் ஆஸ்டன் பையன்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். கார் ஹார்ன் சரியாகக் கத்துகிறதா என்று நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருந்தவர். திருட்டுக் கேஸில் ஆறு வாரம் உள்ளே இருந்தவர். பேஸ் கிடார் கீஸர் பட்லர், கணக்கெழுதப் பழகிக்கொண்டிருந்தவர் (ஆபீஸ் நண்பர்களே, கவனிக்கவும்!). டிரம்ஸ், பில் வார்ட். நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே நாளில் ஒலிப்பதிவை முடித்துக்கொடுத்த முதல் ஆல்பம், 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அம்மாவின் வடகத்தைக் காப்பாற்ற ஓட வைத்தது அதில் முதல் பாட்டு.

அண்ணன் கேட்ட கேள்வி

பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு எழுத்து விடாமல் தமிழில் சொன்னேன். இப்போது எழுந்து பரணில் ஏறுவான் என்று எதிர்பார்த்தேன்.

அண்ணன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "கதை நல்லாத்தான் இருக்குது. ஏன்டா, அந்த பிரஸ்ஸு என்ன ஆச்சு?"

"எந்த பிரஸ்ஸுங்ணா?"

"அவன் வெரலை வெட்டுச்சே, அதுதான். மறுநாளு வேற பையனை உக்கார வெச்சு ஓட்டியிருப்பாங்கல்ல? அவன் என்ன ஆனான்னு உம்பட புஸ்தகத்துல போட்டிருக்குதா?"

போட்டிருக்கவில்லை.

"ஒருத்தன் பெரிய ஆளா வந்தான்னு சொல்லுவாங்க. வெரலு போன மிச்சப் பேரு கணக்கை யாரு எழுதுவா? போ, போய்ப் பரீட்சைக்குப் படி."

திரும்பி வந்தேன். எனக்குக் கோபம்தான். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அன்றைக்கு நான் கொண்டுபோனது ஆறுதல் இல்லை, சினிமாக் கதை என்று தெரிகிறது.

ஆனால் மனுஷன் கதையை மறக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா புகார் சொன்னாள்: "ஷாம்பு டப்பாவை அடுப்புல காட்டி உருக்கிட்டு இருக்கறான். ஊடெல்லாம் நாத்தம்!" பிளாஸ்டிக் தொப்பி சரி வரவில்லை. சைக்கிள் டியூப் ரப்பரும் சரி வரவில்லை. கடைசியில் ஒரு நாள், அந்த ஜாங்கோ பற்றி மறுபடி சொல்லச் சொன்னான். "எந்த ரெண்டு வெரலு?" கடைசி இரண்டு. அண்ணனுக்குப் போனதும் அதே இரண்டு.

கிடாரை விற்றுவிட்டு, பழைய பேஸ் கிடார் ஒன்று வாங்கினான். நாலே கம்பி. ஒரு நேரத்துக்கு ஒரு ஸ்வரம். இரண்டு விரலை வைத்து ஒப்பேற்றலாம். 1994-ல் மறுபடி மேடை ஏறினான், இந்த முறை பின் வரிசையில். பேஸ் வாசிப்பவனை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் நிறுத்தினால் பாட்டு தொப்பென்று விழும். அண்ணன் டோனி அயோமி ஆகவில்லை, ஸார். கல்யாண வீடுகளில் டி.ஜே. வருகிற வரைக்கும், ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம் வாசித்தான். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பெரிசாகப்படுகிறது.

எல்லாம் இரும்பு ஊர்!

பிறகு தேடித் தேடிப் படித்ததில் ஒன்று பிடிபட்டது. இந்தச் சங்கீதத்தில் பாதி, இரும்பு ஊர்களில் பிறந்தது. 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட், பள்ளிக்கூடம் போகிற வழியில் பவுண்டரிப் புகையைத் தாண்டிப் போனவர். அதே குழுவில் கிடார் வாசித்த கிளென் டிப்டன், பிரிட்டிஷ் ஸ்டீல் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1980-ல் ஒரு ஆல்பத்துக்கு 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்றே பெயர் வைத்தார்கள். அதில் இரும்புச் சத்தம் வர வேண்டுமென்பதற்காக, ஸ்பூன், முள்கரண்டி நிறைந்த தட்டைக் குலுக்கி ஒலிப்பதிவு செய்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா?" என்றாள்.

ஷெஃபீல்ட், கத்திக்கும் எஃகுக்கும் பேர் போன ஊர். அங்கத்திய குழு 'டெஃப் லெப்பர்ட்'. டிரம்ஸ் ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31, கார் விபத்து. இடது கை தோளோடு போயிற்று. டிரம்ஸுக்கு ஒரு கையா? குழுவினர் வேறு ஆளைத் தேடவில்லை, காத்திருந்தார்கள். இடது கை அடிக்க வேண்டியதையெல்லாம் இடது காலால் அடிக்கிற மாதிரி, பெடல் வைத்த எலெக்ட்ரானிக் டிரம்ஸ் தயார் செய்து பழகினார் ரிக். 1986-ல் டோனிங்டன் திருவிழாவில் மேடையேறினார். 1987-ல் வந்த 'ஹிஸ்டீரியா' உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல் விற்றது.

'பேய்ப் பாட்டு, சாத்தான் பாட்டு' என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாக் ஸாபத் என்பது ஒரு பேய்ப் படத்தின் பெயர். ரிகர்ஸல் நடந்த இடத்துக்கு எதிர் தியேட்டரில் ஓடியது. பயப்படுவதற்குக் காசு கொடுத்து கியூவில் நிற்கிறார்களே என்று அசந்துபோய் வைத்துக்கொண்ட பெயர். சுத்தமான வியாபார மூளை. நம்ம ஊர்க்காரர்கள் கெட்டார்கள்!

பெங்களூரில் ஒரு தேர்

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 'அயன் மெய்டன்'. பெரிய ஹெவி மெட்டல் குழு ஒன்று இந்தியாவில் நடத்திய முதல் பெரிய கச்சேரி என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

எனக்கு அப்போது 36 வயசு, இரண்டு குழந்தைகள். ஆபீஸில் 'சொந்தக்காரங்க விசேஷம்' என்று லீவு சொன்னேன். பொய்யில்லை, அண்ணனும் கூட வந்தான். வெள்ளி ராத்திரி காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் கறுப்புச் சட்டையில் நிற்க, ஒரு பெரியவர் பயபக்தியோடு கேட்டார்: "பங்குனியில என்னங் சாமி, மலைக்குங்களா?"

அரண்மனை மைதானத்தில் அப்படி ஆயிரமாயிரம் 'சாமி'கள்! முதலில் டில்லியின் 'பரிக்ரமா' குழு வயலினோடு ஒரு பிடி பிடித்தது. அப்புறம் அயன் மெய்டன். 1975-ல் லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் ஆரம்பித்த குழு. அன்றைக்கு அவருக்கு 51 வயசு. பாடகர் புரூஸ் டிக்கின்ஸனுக்கு 48. விமானம் ஓட்ட லைஸென்ஸ் வைத்திருக்கிற பைலட். மேடையிலும் தரையில் கால் பாவவில்லை. அவர்கள் குழுவின் 'எட்டி' என்கிற எலும்பு முக ராட்சசன், நம்ம ஊர் முனியப்பன் சிலை உயரத்துக்கு வந்து நின்றபோது கூட்டம் போட்ட சத்தம் இருக்கிறதே... காரமடைத் தேர் நிலையை விட்டு நகரும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் வருமே, அதே கூச்சல்.

அண்ணன் எட்டியைப் பார்க்கவில்லை. ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிடாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பேஸ் வாசிக்கறவன் முன்னாடி வந்து நிக்கறான்டா!" என்றான். அன்று பூராவும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான்.

கடைசிக் கச்சேரி

2025 ஜூலை 5. பர்மிங்ஹாம், ஆஸ்டனில் வில்லா பார்க் மைதானம். நாலு பேரும் பிறந்து வளர்ந்த வீதிகளுக்குப் பக்கத்தில், பிளாக் ஸாபத்தின் கடைசிக் கச்சேரி. நாலு பேரும் சேர்ந்து மேடையேறி 20 வருஷம் ஆகியிருந்தது. வசூல், பார்கின்ஸன் நோய்க்காகவும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காகவும். அவர்களைக் கேட்டு வளர்ந்த மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்று ஒரு படையே முதலில் வந்து வாசித்துக் கும்பிடு போட்டது.

பணம் கட்டினால் டி.வி.யில் பார்க்கலாம். ஞாயிறு விடிகாலை, என் வீட்டு ஹாலில் நானும் அண்ணனும். பார்கின்ஸன் நோயால் நிற்க முடியாத ஆஸி, 76 வயசில், சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். குரல் சில இடங்களில் தடுமாறியது. எழுந்து நிற்கப் பார்த்தார்; உடம்பு விடவில்லை. பில் வார்ட் 77 வயசில் சட்டையைக் கழற்றிவிட்டு டிரம்ஸ் அடித்தார். நாலே பாட்டு.

அண்ணனுக்கு இப்போது 57. அவன் பார்த்ததெல்லாம் டோனியின் வலது கையை. காமிரா அந்த விரல் தொப்பிகளைக் கிட்டத்தில் காட்டியபோது, தன் இடது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டான். "அறுவது வருசம்டா..." என்றான். வேறொன்றும் பேசவில்லை.

17 நாள் கழித்து, ஜூலை 22-ல், ஆஸி இறந்துபோனார். மறுநாள் காலையில் அண்ணனிடமிருந்து போன்: "மத்தியானம் பட்டறைக்கு வா. டீ குடிக்கலாம்."

மேட்டுப்பாளையம் ரோட்டில் அண்ணனுக்குச் சின்னதாக ஒரு பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு பவர் பிரஸ். அந்த பிரஸ்ஸுக்குக் கால் பெடல் கிடையாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டன். இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் இறங்கும். ஒரு கையை எடுத்தால் நின்றுவிடும். 'வேலை மெதுவா ஆகுதே' என்று கேட்ட பார்ட்டிகளிடம் அவன் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஆவட்டுங். பையனுக பத்து வெரலோட ஊட்டுக்குப் போகட்டும்."

1992-ல் அவன் என்னைக் கேட்டானே ஒரு கேள்வி, 'அந்த பிரஸ்ஸு என்ன ஆச்சு?' என்று... அவனே எழுதிக்கொண்ட பதில் அது.

அன்றைக்கு டீ வந்தது. அண்ணன் செல்போனை ஸ்பீக்கரில் மாட்டி அந்த முதல் பாட்டைப் போட்டான். சோவென்று மழை. இடி. மணி...

பிரஸ்ஸில் இருந்த புதுப் பையன் இரண்டு கையையும் எடுத்துவிட்டு, "அண்ணா, அட்டைப் பெட்டியெல்லாம் நனையுதுங்!" என்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

வெளியே சுட்டெரிக்கிற வெயில்.

பிரஸ் அந்தரத்தில் அப்படியே நின்றிருந்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். 33 வருஷமாக அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, ஸார்.